பச்சைக்குக் காத்திருந்த கோமதி மதினி

காலையில் பாத்திரக்கடையைத் திறந்து, வாசலில் தொங்கவிடும் வாளிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். பேரூராட்சியின் சுகாதார மேஸ்திரி பிச்சையா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி மிதித்து வராமல் உருட்டிக்கொண்டு வந்ததே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "என்னவே, பஞ்சரா?" என்று கேட்டேன். அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"தலைவியம்மா போயிட்டாவ அண்ணாச்சி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில விடியக்காலம் உயிர் போயிருச்சாம்."

முந்தின நாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். முகம் வீங்கி, கால் வீங்கிக் கிடந்தவர், என்னைக் கண்டதும், "யாவார நேரத்துல இங்கன வந்து என்ன செய்யுதீரு?" என்று ஏசினார். ஏசுகிற தெம்பு இருக்கிறதே, இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பார் என்று நம்பி பஸ் ஏறினேன். நம்பிக்கை அவ்வளவுதான். பிச்சையா பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன். வாசலில் ஒரு பெண் வந்து குடம் என்ன விலை என்று கேட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கோமதியம்மாளை நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. சாலையில் தெருவிளக்கு போட்டவர் என்றும், "பவுடர் கோமதி" என்றும், வாக்குத் தவறியவர் என்றும் அவரவர்க்குத் தெரிந்த கோமதியம்மாள் உண்டு. நான் அவரோடு பேரூராட்சியில் துணைத் தலைவனாக உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்ததை நான் எழுதாவிட்டால் பவுடர் மட்டும்தான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய கணவர் பள்ளிக்கூட வாத்தியார், எனக்கு மூத்த சிநேகிதர். அந்த முறையில் அவர் எனக்கு மதினி. வாயில் மைனி என்றுதான் வரும். வாத்தியார் காலமாகி ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மதினி நிற்கட்டும், கையெழுத்து மட்டும் போடட்டும், மற்றதை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார் என்று ஊரே பேசியது. அண்ணாச்சி என்பது நான்தான். எனக்கும் அது கசக்கவில்லை. ஆனால் முதல் கூட்டத்திலேயே அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். "இது என்னது தம்பி? இது எதுக்கு?" என்று என்னையே கேட்டார். மத்தியானச் சாப்பாடு தவறிப்போனதுதான் எனக்கு மிச்சம்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அவர் வீட்டு முற்றத்தில் மழைக்காலத்திலும் பாசியைப் பார்க்க முடியாது. தேங்காய் நாரும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நான் போனால் இரண்டு தரம் கால் கழுவச் சொல்வார். "உம்ம காலு எங்கெல்லாம் மிதிச்சுட்டு வருதோ!" என்பார். பேரூராட்சி அலுவலகத்துக்கு முதல் நாள் வரும்போது சொந்த விளக்குமாறு கொண்டுவந்தார். அன்றைக்கு ஒட்டடை அடித்த தூசியில் குமாஸ்தா தும்மித் தும்மி, பாதியிலேயே லீவு சொல்லிவிட்டுப் போனார். நாங்களெல்லாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நம் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. எல்லாத் தெருச் சாக்கடையும் படித்துறைக்குக் கீழே வாய்க்காலில் விழும். ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிற மாதங்களில் அது கண்ணுக்குத் தெரியாது. கோடையில் வாய்க்காலை அடைத்துவிட்டால், அதில் ஓடுவது நம் ஊர்க் கழிவு மட்டும்தான். அதைக் கடைமடையில் இருக்கிற கீழப்பத்து ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வயலுக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான்.

ஒரு பங்குனியில் கீழப்பத்து சுடலைமுத்துவின் தாயார் இறந்துபோனார். சுடலைமுத்து அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைவர் மாதிரி. மதினியும் நானும் துட்டி கேட்கப் போயிருந்தோம். இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிளம்பினார்கள். மேலே வேட்டி பிடித்து, சங்கு ஊதி, மக்களும் மருமக்களும் வாய்க்காலுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அது நம் ஊர்ச் சாக்கடை. குழாயில் பிடித்தால் நீர்மாலை ஆகாது, வாய்க்கால் தண்ணீர்தான் வேண்டும். அவர்கள் யாரையும் திட்டவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை, பழகிப்போயிருந்தது. அந்தத் தண்ணீரை அந்தத் தாயின் தலையில் ஊற்றியபோது, மதினி என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. திரும்பி வந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்று, "நம்ம வீட்டுத் தண்ணி தம்பி அது. நான் முத்தம் கழுவின தண்ணி" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை பெஞ்சில் உட்கார்ந்தார் என்பதை நான் எழுதப்போவதில்லை. கடைசியில் செல்வின் என்ற அரசாங்க இன்ஜினியர் வந்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். வாய்க்கால் ஓரப் புறம்போக்கில் மூன்று குட்டைகள் வெட்டச் சொன்னார். முதல் குட்டையில் கசடு தங்கும். இரண்டாவதில் பாசி வளரும். வெயிலும் பாசியும் சேர்ந்து தண்ணீரைத் தேற்றும். மூன்றாவதில் தெளிந்து, மடை வழியாகக் கீழப்பத்து வயலுக்குப் போகும். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது. "பச்சையா இருக்கிற வரைக்கும் குட்டைக்கு உயிர் இருக்குன்னு வச்சுக்கிடுங்கம்மா" என்று செல்வின் சொன்னார். மதினி தலையாட்டினார். காது கேட்டுக்கொண்டது, கண் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊர்க்காரர்கள் அதற்குப் பீத்தெப்பக்குளம் என்று பேர் வைத்தார்கள். கீழப்பத்துக்காரர்கள் முதலில் சம்மதிக்கவில்லை. குட்டைத் தண்ணீரை நேரே வயலுக்கு விடுவதா என்று மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். மதினி கரையில் நின்று பேசினார்.

"நாறாது சுடலைமுத்து. நாறினா என்கிட்ட வந்து கேளுங்க."

"உங்க வார்த்தைக்காக விடுதோம்" என்றார் சுடலைமுத்து. "ஒருக்கா நாறினாலும் மடையை அடைச்சிருவோம். பெறவு வருத்தப்படக் கூடாது."

நாறவில்லை. குட்டை பசேலென்று நிறைந்தது. மடையில் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தேன், வெறும் குளத்துத் தண்ணீர் வாசம்தான். அந்த வருஷம் கீழப்பத்தில் நாற்று நன்றாகப் பிடித்தது. சுடலைமுத்து ஒரு தாம்பாளம் நிறைய வாழைப்பழம் கொண்டுவந்து மதினி வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கலெக்டர் குட்டையைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய மனிதர் வருகிறார் என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் கோலம் போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர் போட்டாக வேண்டும். கல்யாணத்துக்கு வாழை கட்டுவதுபோல அது ஒரு மரியாதை. அந்த நேரம் பார்த்து நான் மதுரையில் கொள்முதலுக்குப் போயிருந்தேன். நடந்ததைப் பிச்சையா சொல்லித்தான் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் மதினி கரையில் நின்று குட்டையைப் பார்த்திருக்கிறார். ரோடு பளிச்சென்று இருக்கிறது, கரைக்கு வெள்ளையடித்திருக்கிறது, நடுவில் பாசி படர்ந்து கிடக்கிறது.

"வீட்டை எல்லாம் கழுவிட்டு நடுவீட்டுல எச்சில் இலையைப் போட்டு வச்ச மாதிரி இருக்கே பிச்சையா. வர்றவுகளுக்கு இதையா காட்ட?"

"பவுடர் மூட்டை மிச்சம் கெடக்கும்மா" என்று பிச்சையா சொல்லியிருக்கிறார்.

"அப்ப கொட்டுங்க."

பாசியை மூங்கிலால் அரித்து எடுத்துவிட்டு, இருந்த பவுடரையெல்லாம் வாளி வாளியாகக் கரைத்து ஊற்றிவிட்டார்கள். காலையில் குட்டை கண்ணாடி மாதிரி இருந்ததாம். கலெக்டர் பாராட்டினார், மாலை வாங்கினார், போனார். மதினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வீட்டு முற்றத்தைக் கழுவிய மாதிரியே அவர் ஊருக்கும் செய்திருந்தார்.

நான் ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டிலேயே மூக்கைப் பொத்தவேண்டி இருந்தது. குட்டை கறுத்து நுரைத்துக் கிடந்தது. கீழப்பத்துக்காரர்கள் சொன்னபடியே மடையை மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டார்கள். சாக்கடை எதிர்த்துக்கொண்டு கீழத்தெருவில் வாசல்வரை ஏறி நின்றது.

அவசரக் கூட்டம் கூடியது. செல்வின் வந்திருந்தார். "பாசியைக் கொல்லுற மருந்து எதுவோ உள்ள போயிருக்கு. என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணலாம்" என்றார்.

"வேற என்ன? சாயத்தண்ணிதான்" என்றார் ஒரு உறுப்பினர். பேர் வேண்டாம், இப்போதும் என் கடைக்கு வருகிறவர். நெசவாளர் தெருவில் காசிம் பாய்க்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை உண்டு. அவரும் எங்களோடு ஒரு உறுப்பினர். "எங்க சாயத்தண்ணியைத் தோப்புக் குழியிலதான் விடுதோம். யார் வேணும்னாலும் வந்து பாருங்க" என்று அவர் எழுந்து சொன்னார். கேட்பார் இல்லை. பட்டறையைப் பூட்டு, லைசென்ஸை ரத்து செய் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தத் தெருவைப் பற்றியே ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார். அந்த நாட்களில் அப்படிப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். "முதல்ல போய்ப் பாப்போம்வே!" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். என் கத்தல் தினசரிக் கத்தல், யார் மதிக்கிறார்கள்? பட்டறையே போனால் காசிம் பாய்க்கு வேறு பிழைப்பு இல்லை. எழுந்தவர் உட்காரவே இல்லை.

பிச்சையா கதவோரம் தலையைக் குனிந்து நின்றார். மதினி அவரைப் பார்த்தார். பிறகு செல்வினைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"பிளீச்சிங் பவுடர் போட்டா பாசி சாகுமா?"

"எவ்வளவும்மா?"

"இருந்த மூட்டை அத்தனையும்."

செல்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். மதினி எழுந்து நின்றார்.

"நான்தான் கொட்டச் சொன்னேன். பிச்சையா நான் சொன்னதைச் செஞ்சாரு, அவர் மேல ஒரு சொல் விழப்படாது. காசிம் பாய், நீங்க உக்காருங்க."

பிச்சையா சாகும்வரை சொல்லியிருக்க மாட்டார். நானும் ஊரில் இல்லை. மதினி பேசாமல் இருந்திருந்தால் அது சாயத்தண்ணீராகவே முடிந்திருக்கும். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை பைய சொல்லியிருக்கலாம்லா மைனி? இப்படியா சபையில போட்டு உடைக்கிறது?"

"உம்மகிட்ட சொன்னா மறைக்க வழி பாப்பீரு" என்றார். என்னை அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே வெயிலில் நடந்து கீழப்பத்துக்குப் போனார். நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அடைத்த மடைக்குப் பக்கத்தில் நின்று, சபையில் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். சுடலைமுத்து மண்மூட்டையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"வேற எவனும் செஞ்சிருந்தா வெட்டிப்போட்டிருப்போம்" என்றார் பிறகு. "நீங்களே செஞ்சிட்டியளே! இப்ப என்ன, மடையைத் திறக்கச் சொல்லுதீயளா?"

"திறக்கச் சொல்லலை. நான் சொன்ன வாக்கு தப்பிப்போச்சு. அதை ஊர்ல இருந்துக்கிட்டே சொன்னா நல்லா இருக்காது. நேர்ல சொல்லத்தான் வந்தேன்."

திரும்பி வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. குளத்தங்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மறுநாளே சுவரில் கரியால் "பவுடர் கோமதி" என்று எழுதிவிட்டார்கள். அவர் வீட்டுச் சுவரிலேயே எழுதினார்கள், படுபாவிகள். சுவரில் ஒரு புள்ளி கறை பொறுக்காதவர், அதைத் துடைக்கவே இல்லை. நான் சுண்ணாம்பு வாளியோடு போனபோது, "கிடக்கட்டும் தம்பி, உள்ளதுதானே" என்று தடுத்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

குட்டையைத் தேற்ற ஒரு வழி சொன்னார் செல்வின். உயிருள்ள பச்சைத் தண்ணீரை வேறு குளத்திலிருந்து கொண்டுவந்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேரூராட்சி டிராக்டர் ரிப்பேரில் கிடந்தது. காசிம் பாய் ஒரு டிராக்டரை இரவல் வாங்கி, டேங்கைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். எருமைகள் கிடக்கும் பக்கத்து ஊர்க் குளத்திலிருந்து நடை நடையாக ஓட்டினார்.

"என் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா பாய்?" என்று மதினி கேட்டார்.

"கோவம் என்னம்மா கோவம்? நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் பொய் சொல்லுதவன்னு என் பேரன் காலம் வரைக்கும் நின்னிருக்கும். அல்லா உங்களை நல்லா வைக்கட்டும்."

அதற்குப் பிறகு தினமும் காலையில் மதினி குட்டைக் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. "பச்சை தெரியுதா தம்பி?" என்று என்னைக் கேட்பார். "இன்னும் இல்ல மைனி" என்பேன். அடுத்த நாளும் அதே கேள்வி. பொய் சொல்லலாமா என்று கூட நினைத்ததுண்டு, அவரிடம் வாய் வரவில்லை. ஒரு நாள் தண்ணீரின் ஓரத்தில் இளம்பச்சை ஏறியிருந்தது. சொன்னேன். அவர் குனிந்து தண்ணீரைத் தொட்டு, விரலை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"வாழ்நாள் பூரா இந்தப் பாசிச் சவத்தைத் தேய்ச்சுக் கழுவினவ நான். இப்ப இது வந்ததுக்கு நின்னு அழுவுதேன் பாரும். எனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு."

குட்டை பழையபடி பசேலென்று ஆனது. நாற்றம் போயிற்று. ஆனால் கீழப்பத்துக்காரர்கள் மடையைத் திறக்கவில்லை. தேறிய தண்ணீர், கரையில் வெட்டிவிட்ட வேறு வழியாக உடைமுள் காட்டுக்குள் வீணாகப் பாய்ந்துகொண்டிருந்தது. வாங்க மைனி, போய்ப் பேசிப் பார்ப்போம் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். "வாக்குத் தப்பினவ போய்க் கேக்கப்படாது. அவியளாத் திறக்கணும்" என்று மறுத்துவிட்டார். ஒரு அறுவடை போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அதற்குள் மதினிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசிவரை கேட்டது இரண்டே கேள்விதான்: பச்சை இருக்கிறதா, மடை திறந்தார்களா. முதல் கேள்விக்கு ஆமாம் சொன்னேன். இரண்டாவதற்கு ஒவ்வொரு தரமும் ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன்.

மதினியை எடுத்த அன்று கீழப்பத்தே திரண்டு வந்தது. எல்லாம் முடிந்து கலையும்போது சுடலைமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீம்பு பாத்துட்டோம் அண்ணாச்சி. பச்சை வந்த அன்னைக்கே திறந்திருக்கணும். அவிய ஒரு வார்த்தை வந்து கேக்கட்டும்னு நாங்க இருந்தோம். நாங்களாத் திறப்போம்னு அவிய இருந்துட்டாவ."

இதை ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"நாளைக்குத் திறந்துருதோம்" என்றார். "ஆனா இனிமே நாறிச்சுன்னா நாங்க யார்கிட்ட வந்து சொல்ல?"

"என்கிட்ட வாங்க" என்றேன். அவர் "என்னது?" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

"நீங்க ஏசுவியளே அண்ணாச்சி?"

"ஏசமாட்டேன்."

இப்போது பேரூராட்சியில் பொறுப்புத் தலைவர் நான். ஒரு காலத்தில் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவன்தான். அது கிடைத்தபோது மனம் அதில் உட்கார மறுக்கிறது. மதினி இல்லாத கூட்ட அறை எனக்குத் துட்டி வீடு மாதிரி இருக்கிறது. அவரிடம் இருந்த பொறுமையோ சுத்தமோ எனக்கு வரவில்லை, இந்த வயதில் வரப்போவதும் இல்லை. நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நாறினால் வந்து கேளுங்கள் என்று ஒரு ஊரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்க வரும்போது வீட்டில் இருப்பது.

நேற்றுக் காலையில் சுடலைமுத்து வந்தார். லேசாக நாறுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன்.